வீடு காலியாத்தானுங்க இருக்குது

எங்கள் விசைத்தறி ஊரான சோமனூரில் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோய், தறி ஓட்ட வந்த சனம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோயமுத்தூர்ப் பக்கத்து மில்களுக்கும் கிளம்பிப் போனதில், பூட்டிய வீடுகள் வீதிக்கு வீதி கிடக்கின்றன. கோலம் காணாத வாசல், வேப்பஞ்சருகு ஏறிய திண்ணை. அந்த வீடுகளில் ஒன்றில் நான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். ஒரு சமையல்கட்டு, ஓர் அறை, மகள் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை, எங்களுக்கென்று தனியாக ஒரு கக்கூஸ். மாளிகையா கேட்டேன்?

பணம்தான் தடை என்றால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். பணமில்லாமை எங்களுக்குப் பழக்கம். அதோடு எப்படிப் பேசுவது, எந்த வாரம் அதற்கு வாய்தா சொல்வது என்று தெரியும். நாலாயிரம், நாலாயிரத்து ஐநூறு வரைக்கும் கொடுக்கலாம் என்று சனிக்கிழமைச் சம்பளத்தை முன்னும் பின்னும் கூட்டிப் பார்த்துத்தான் தேடக் கிளம்பினேன். அந்த வாடகைக்கு வீடும் இருக்கிறது. கதவைத் திறந்து காட்டுகிறார்கள். சமையல்கட்டில் குழாயைத் திருகித் தண்ணீர் வருவதைக் காட்டுகிறார்கள். ஆத்துத் தண்ணி என்றைக்கு விடுவார்கள், உப்புத் தண்ணிக்கு மோட்டார் எப்போது போடுவார்கள் என்பதுவரை சொல்கிறார்கள். அதன் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது.

எங்களுக்கு ஏன் இந்தத் தேடல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இருந்தது தறிக்குடோனை ஒட்டிய லைன் வீட்டில். தறி ஓட்டுகிறவர்களுக்கென்று முதலாளி கட்டிவிட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டும். என் வீட்டுக்காரர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தறி ஓட்டுவார், நான் நூல் சுற்றித் தார் போடுவேன். தறி ஓடுகிற சத்தத்தில் தூங்கி, கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் திடுக்கென்று விழித்துக்கொள்கிற பிள்ளையாகத்தான் என் மகள் வளர்ந்தாள்.

இந்த ஊரில் கூலிக்கு நெய்கிறவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. நூல் கொடுக்கிற ஜவுளி உற்பத்தியாளர் மேலே, நெய்து கொடுக்கிற தறி முதலாளி நடுவில், தறியோடு நிற்கிற நாங்கள் கீழே. 2021 நவம்பரில் மந்திரிகள் முன்னிலையில் உட்கார்ந்து பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம் கூலி உயர்வு என்று ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். அந்த வருசம் செப்டம்பரில் கரண்ட் கட்டணம் ஏறியது. 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தம். ஒரு மாதம் தாண்டியும் ஊர் சத்தமில்லாமல் கிடந்தது. கருமத்தம்பட்டியில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரலில் 15 சதவீதம் என்று முடிந்தது. எங்கள் முதலாளி அதற்குள் களைத்துப்போயிருந்தார். தறிகளை உடைத்து எடைக்குப் போட்டார். இரும்பு விலைக்குப் போன அந்தத் தறிகளைப் பார்த்து அவரும் அழுதார், எங்கள் வீட்டுக்காரரும் அழுதார். அந்த விசயத்தில் அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

குடோனைத் தடுத்து அறைகளாக்கி வெளிமாநிலப் பையன்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விடப்போகிறார். லைன் வீடுகளுக்கும் அதே கதிதான். ஒரு குடும்பம் கொடுக்கிற வாடகையைவிட எட்டுத் தலைகளின் வாடகை எச்சு, கணக்கு அவருக்குச் சரி. அந்தப் பையன்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒருவன் எழுந்து ஷிப்டுக்குப் போன பாயில் இன்னொருவன் வந்து படுக்கிறான். 2020 ஊரடங்கில் அவர்கள் சாலையோரமாக நடந்தே போனதை நாடே டிவியில் பார்த்தது. அந்த வருசமே மத்திய அரசாங்கம், வெளியூர்த் தொழிலாளிகளுக்கு மலிவு வாடகைக் குடியிருப்புகள் கட்டப்போவதாக ஒரு திட்டத்தை அறிவித்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கட்டடம் எழுந்து நான் பார்த்ததில்லை. நின்றுபோன தறிக்குடோன்தான் அவர்களுக்குக் குடியிருப்பு.

“ஆடி பிறக்கறதுக்குள்ள பாத்துக்குங்க” என்றார் முதலாளி. ஆடியில் யாரும் குடி மாற்ற மாட்டார்கள், யாரும் குடி வைக்கவும் மாட்டார்கள். அப்படியென்றால் ஆனிக்குள் என்று அர்த்தம்.

அட்வான்ஸ் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 1960ஆம் வருசத்து வாடகைச் சட்டப்படி வாடகைக்கு விடுகிறவர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. அந்தச் சட்டம் இருந்த காலத்தில் யாரும் அதை மதித்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கினால் சட்டவிரோதம் என்று அதில் இருக்கிறது. அதே வரியில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்றும் இருக்கிறது. வீடு வேண்டி நிற்கிறவள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பாள்? பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்று வீட்டுக்காரம்மா சொன்னால் அதுதான் ஒப்பந்தம். காலி செய்யும்போது சுண்ணாம்பு அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம் என்றால் அதுவும் ஒப்பந்தம். இதைச் சட்டமாக எழுதியவர்கள் வாடகை வீட்டில் ஒரு நாளாவது குடியிருந்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

கரண்ட்டுக்கு வருவோம். 2016லிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 400 யூனிட் வரைக்கும் ஐந்து ரூபாய்க்குள்தான். லைன் வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா? ஐந்து வீட்டுக்கு ஒரே இணைப்பு, உள்ளே ஆளுக்கொரு குட்டி மீட்டர். ஐந்து வீடும் சேர்ந்து ஓடினால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டுகிறது, தாண்டியதற்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. ஆகவே முதல் யூனிட்டிலிருந்தே எல்லோருக்கும் எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூல். இலவசமாக வந்த 100 யூனிட் எங்கே போனது என்று கேட்டால், “மோட்டாருக்கு, வாசல் லைட்டுக்குச் சரியாப் போச்சுங்க” என்று பதில். விசைத்தறிக்கு 1000 யூனிட் இலவசம், வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுப்பதைப் பேப்பரில் படிக்கிறேன். தறியிலும் வேலை செய்தவள், வீட்டிலும் குடியிருந்தவள் நான். எதுவும் என் கைவரைக்கும் வந்து சேர்ந்ததில்லை.

சரி, கொடுத்துத் தொலைக்கலாம் என்றுதான் போனோம். காதில் கிடந்ததை அடகு வைத்து அட்வான்ஸ் பணத்தை மஞ்சப் பையில் சுற்றி வைத்துக்கொண்டுதான் போனோம். பணத்தை யாரும் பார்க்கவே இல்லை.

எங்கள் கொங்குச் சீமையின் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் நிறையச் சொல்வார்கள். சின்னப் பிள்ளையைக்கூட வாங்க, போங்க என்போம், திட்டினாலும் ஒரு ‘ங்க’ போட்டுத் திட்டுவோம் என்று சினிமாவிலெல்லாம் காட்டுகிறார்கள். நிஜம்தான். அந்த மரியாதையின் உள்பக்கத்தை நான் காட்டுகிறேன், வாருங்கள்.

ஒரு வீட்டுக்குப் போனோம். வாசலில் முருங்கை, பின்னால் துவைகல், நல்ல காற்று. வீட்டுக்காரம்மா என் மாமியார் வயசு. “வாம்மணி, வெயில்ல வந்திருக்கற, உக்காரு” என்று திண்ணையைக் காட்டினார். மகளைப் பார்த்து, “என்ன படிக்கற கண்ணு?” என்றார். ப்ளஸ் ஒன் என்றாள். “கெட்டிக்காரப் புள்ள” என்று கன்னத்தைத் தொட்டார். வீட்டைக் காட்டினார். வாடகை நாலாயிரம், அட்வான்ஸில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அங்கேயே அரிசிப் பானையை எங்கே வைப்பது என்று மனசு ஓடிவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது. “ஊடு எங்க?” இங்கேதானுங்க, தறிக்குடோன்ல. “அது சரி, பொறந்த ஊரு?” சொன்னேன். “அங்க எந்த வீதி? நம்ம ஒறம்பரை ஒருத்தரு அங்க இருக்காரு.” பொதுவாகச் சொன்னேன். “கோயில் எது உனக்கு?” அம்மன் கோயில்ங்க. “எந்த அம்மன்?” சொன்னேன். “என்ன கூட்டம்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டம் என்றால் குலப் பிரிவு. எந்தக் கூட்டம் என்று கேட்பதே ஒரு வேலிதான், அந்த வேலிக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டுமே அதற்குப் பதில் தெரியும். சாதி என்ன என்று அந்தம்மா கேட்கவே இல்லை. அந்தச் சொல்லை வாயால் சொல்லவே இல்லை. நல்ல குடும்பத்துப் பெண், எப்படிச் சொல்வார்? கடைசியில், “ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துட்டுப் போ, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கறாங்கல்ல” என்றார்.

என் ஆதார் அட்டையில் பிறந்த ஊர் விலாசம் இருக்கிறது. அதில் எங்கள் தெருவின் பெயருக்குப் பின்னால் ‘காலனி’ என்று இருக்கிறது. கோயமுத்தூரில் பணக்காரர்கள் இருக்கிற இடங்களுக்கும் காலனி என்று பெயர் உண்டு. அங்கே அதற்கு வேறு மரியாதை. கிராமத்து விலாசத்தில் அது நின்றால் யார் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில், காலனி என்ற சொல் வசைச்சொல்லாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போகிறோம் என்று அறிவித்தார். சந்தோசம்தான். நீக்கட்டும். ஆனால் ஆதாரில் இல்லையென்றால் கோயில் பெயரில் கண்டுபிடிப்பார்கள், அதிலும் இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையில், அதிலும் இல்லையென்றால் பார்க்க வருகிற சொந்தக்காரர்களின் முகத்தில் தேடுவார்கள். தேடுகிறவர்களின் கண்ணிலிருந்து எதை நீக்குவது?

ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தார். முகம் மாறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ரொம்பப் பக்குவமான முகம். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “வீடு காலியாத்தானுங்க இருக்குது. பையன் மெட்ராஸ்ல இருக்கறான், அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க” என்றார். அம்மணி என்றும் உக்காரு என்றும் ஒருமையில் பாசமாகக் கூப்பிட்டவர், ஜெராக்ஸைப் பார்த்த பிறகு ‘ங்க’ போட ஆரம்பித்தார். மரியாதை கூடியபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இனி அந்த வீடு இல்லை. போன் நம்பரை அவர் வாங்கவேயில்லை.

இதே கதையை வேறு வேறு வாயால் கேட்டிருக்கிறேன். சொந்தக்காரங்க கேட்டிருக்காங்க. பெயிண்ட் அடிக்கோணும். பொண்ணு பிரசவத்துக்கு வருது. குடும்பம்னா வேண்டாம்னு ஊட்டுக்காரரு சொல்லிட்டாருங்க. குடும்பம் இல்லாதவங்கன்னா வேண்டாம்னு சொல்லிட்டாருங்க. ஒரு வீட்டில், “நாங்க சைவம் சாப்பிடறவங்களுக்குத்தான் விடறமுங்க” என்றார்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் நாட்டுக்கோழி வெந்துகொண்டிருந்த வாசம் தெருமுக்கு வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அது. அந்த வாசத்தில் நின்றுகொண்டு அந்தப் பதிலைக் கேட்டேன். கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்தது.

புரோக்கரிடம் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஒரு மாத வாடகை கமிஷன். போனிலேயே கேட்டார் புரோக்கர், நேரடியாக, எந்தச் சுற்று வழியும் இல்லாமல்: “நீங்க என்ன ஆளுங்க? தப்பா நெனச்சுக்காதீங்க, மொதல்லயே சொல்லிட்டா உங்களுக்கும் அலைச்சல் மிச்சம், எனக்கும் பெட்ரோல் மிச்சம்.” இத்தனை வீடுகளில் பார்த்த மனிதர்களில் நேர்மையான ஆள் அவர் ஒருவர்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? அவரிடம் எங்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் இருந்தது. சாக்கடையோரத்து வீடு, பாதை இல்லாத வீடு, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற வீடு, கக்கூஸுக்கு வரிசையில் நிற்கிற வீடு. வாடகை மட்டும் முருங்கை மரத்து வீட்டைவிட ஐநூறு ரூபாய் எச்சு. “உங்களுக்கு விடறதே பெரிசுன்னு நெனைக்கறாங்க, அதான் கேக்கறாங்க” என்றார். ஆக, என் சாதிக்கு மாதம் ஐநூறு ரூபாய் வரி.

நாங்கள் என்ன சாதி என்று இதுவரைக்கும் நான் எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன். படித்துக்கொண்டு வருகிறவர்களில் எத்தனை பேர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள்? காலனி என்றதும் சரிதான் என்று தலையை ஆட்டினீர்கள், இல்லையா? கொங்கு நாட்டில் காலனி என்றால் இன்ன சாதியாக இருக்கும், பிறந்த ஊர் தெற்கத்தி என்றால் இன்ன சாதியாக இருக்கும் என்று யோசித்தீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “அம்மா, பேசாம வேற சாதி சொல்லிரலாமா?” அவளுக்குப் பதினாறு வயசு. சமூக அறிவியலில் நல்ல மார்க். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சொல்லிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பக்கத்து ஊரில் அப்படித்தான் வீடு பிடித்தது. இரண்டு வருசம் போல நிம்மதியாக இருந்தார்கள், அதையும் நிம்மதி என்று சொன்னால். சொந்தக்காரர்கள் யாரையும் வீட்டுக்கு வரச்சொல்ல முடியாது. அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஸ்காலர்ஷிப் விசயமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் அந்தப் பெண் வீதிக்கு வந்து பேசுவாள். குழந்தை விளையாட்டில் எதையாவது உளறிவிடுமோ என்று அதைத் தெருவில் விடவே மாட்டாள். பிறகு அவளுடைய மாமனார் இறந்துபோனார். சாவை எந்தச் சாதி சொல்லி மறைப்பது? எங்கே கொண்டுபோய் அடக்கம் செய்வது என்ற கேள்வி வந்தது. ஊர்ச் சுடுகாடு ஒன்று, எங்கள் சுடுகாடு ஒன்று. பாடை எந்தப் பக்கம் திரும்பியதோ அதோடு எல்லாம் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்தபோது வீட்டின் சொந்தக்காரர் அட்வான்ஸ் பணத்தை எண்ணித் திண்ணையில் வைத்திருந்தாராம். ஒரு பைசா குறையாமல். மரியாதையாக.

இதை மகளுக்குச் சொல்லவில்லை. “பொய் சொன்னா மாட்டிக்குவோம் கண்ணு” என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டிலேயே திருட வந்தவர்கள் மாதிரி எங்களைப் பேச வைத்துவிட்டார்களே என்று அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

நாங்கள் மட்டும் என்று சொல்ல மாட்டேன். என்னோடு முன்பு வேலை செய்த ஓர் இஸ்லாமியத் தோழி கோயமுத்தூரில் வீடு தேடியபோது பெயரைச் சொன்னதுமே போனை வைத்துவிட்டார்களாம். 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பு நடந்தபோது அவள் பிறக்கவேயில்லை. அதற்கு அவள் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறாள். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2015இல் எக்கனாமிக் அண்டு பொலிடிக்கல் வீக்லி இதழில் வந்தது. அதே வீடு, அதே வாடகை, கேட்கிறவர் பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்கு வாங்க என்ற பதில். தலித் பெயருக்கு மறுப்பு, சாக்குப்போக்கு, கூடுதல் வாடகை. இஸ்லாமியப் பெயருக்கு இன்னும் மோசம். புரோக்கர் என்னிடம் கேட்ட ஐநூறு ரூபாய் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்று அதைக் கேள்விப்பட்டபோது தெரிந்துகொண்டேன்.

சொந்த வீடு கட்டிக்கொள்ளலாமே என்று எங்கள் முதலாளி சொல்கிறார். கலைஞர் கனவு இல்லம் என்று அரசாங்கம் மூன்றரை லட்சம் கொடுக்கிறதே என்கிறார். கிராமத்தில் சொந்தமாக இடமும் பட்டாவும் இருக்கிறவர்களுக்கு அது. எங்கள் மாமனாருக்கு இருந்த இரண்டரை சென்ட்டில் மற்ற மூன்று மகன்களின் குடும்பம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் சென்ட் என்ன விலை என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திரும்பப் பிறந்த ஊருக்கே போய்விடலாமே என்பவர்களும் உண்டு. அங்கே தறி இல்லை, மகளுக்கு மேல்நிலைப் பள்ளி பஸ் ஏறிப் போகிற தூரம். இன்னும் இரண்டு வருசத்துக்குள் அவள் ப்ளஸ் டூ எழுத வேண்டும். இந்த ஊரை விட்டு ஏன் போக வேண்டும்? 2017 செப்டம்பர் 7ஆம் தேதி சோமனூர் பஸ் ஸ்டாண்டில் மேற்கூரை இடிந்து விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். அன்றைக்கு ஓடிப்போய் இடிபாட்டைத் தூக்கிய கைகளில் என் வீட்டுக்காரர் கையும் உண்டு. அப்போது கான்கிரீட்டுக்குக் கீழே கிடந்தவர்கள் யாரும் அவரை எந்தக் கூட்டம் என்று கேட்கவில்லை. இது எங்கள் ஊர் இல்லையென்றால் எது எங்கள் ஊர்?

சட்டம் இல்லையா என்று தொழிற்சங்கத்தில் இருக்கிற ஒரு வக்கீலைக் கேட்டோம். இருக்கிறதாம். இருப்பதைக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. 1955ஆம் வருசத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையைக் காரணமாக வைத்து, எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுத்தால் குற்றம் என்று அதன் நாலாவது பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறதாம். என் அம்மா பிறப்பதற்கு முன்னாலேயே எழுதிவைத்துவிட்டார்கள்! தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைக்கும் ஜெயில். அபராதம் நூறு ரூபாய்க்குக் குறையாமல், ஐநூறு ரூபாய்க்கு மிகாமல். திரும்பத் திரும்பக் கேட்டேன், ஐநூறேதானா என்று. ஐநூறேதானாம். என் அட்வான்ஸ் நாற்பதாயிரம், எனக்கு வீடு மறுத்தவருக்கு அதிகபட்ச அபராதம் ஐநூறு. புரோக்கர் என் தலையில் ஏற்றுகிற ஒரு மாத வரிகூட அதே தொகை.

அதுவும் எப்போது? நிரூபித்தால். “அவங்க சாதியைச் சொல்லி மறுத்தாங்கன்னு சாட்சி இருக்குதா?” என்று வக்கீல் கேட்டார். எங்கிருந்து வரும் சாட்சி? பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதானே சொன்னார்கள். பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றுதானே சொன்னார்கள். கோர்ட்டில் போய், அந்தம்மா எனக்கு ‘ங்க’ போட ஆரம்பித்தார் ஐயா, அதுதான் சாட்சி என்று சொல்லவா? வாய் பேசாத குற்றத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. அது தெரிந்துதான் இத்தனை இனிப்பாகப் பேசுகிறீர்களா? வெளியே நிற்கிறவளுக்குக் காயமும் தெரியக்கூடாது, கத்தியும் தெரியக்கூடாது என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

வீடு உங்களுடையது, யாருக்கு விடுவது என்பது உங்கள் இஷ்டம் என்பீர்கள். நீங்கள் விற்கிற காடாத் துணியில் என் கை படாத முழம் உண்டா? நான் தார் போட்டு, என் வீட்டுக்காரர் ஓட்டி, உங்கள் கட்டிலில் விரித்திருக்கிற துணி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் உங்கள் வீட்டுக்கு வந்தது. அதை நீங்கள் உடுத்தும்போதும் விரிக்கும்போதும் நெய்தவன் கோயில் எது என்று கேட்டதுண்டா?

ஆனி பாதி போய்விட்டது. நாளைக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இரண்டு வீடு பார்க்கப் போகிறோம். இந்த முறை வீட்டைப் பார்க்கும் முன்பே ஆதார் ஜெராக்ஸை நானே நீட்டப்போகிறேன். ஊர், வீதி, காலனி எல்லாம் நானே வாசித்துக் காட்டப்போகிறேன். பிறகு உங்கள் பையனைக் கேட்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம், பிரசவத்துக்கு யாரும் வர வேண்டாம். தர முடியாதென்றால் எந்தக் காரணத்துக்காகத் தர முடியாது என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள், போதும். என் மகள் செல்போனை ஆன் செய்து பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள்.